ஈரப்பதம் 21.4

காலை வகுப்பில் மெட்டனிமி.
புத்தகம் தந்த உதாரணத்தைச் சொன்னேன்:
கிரீடம் என்றால் அரசர்.
திருத்துறைப்பூண்டியில், ஐப்பசி மழையில்,
கிரீடத்துக்காக ஒருவரும் விழித்துக்கொள்ளவில்லை.

"மேட்டூர் திறந்துட்டாங்க" என்றேன்.
நிமிர்ந்தார்கள்.
ஊரையா திறந்தார்கள்? அணையை.
அணையையா? மதகை.
அப்படியானால் மேட்டூர் என்றால் என்ன?
முத்துப்பேட்டை நூருல் பஸ்ரியா எழுந்தாள்.
"எங்க வாய்க்காலுக்கு வராத தண்ணி, மிஸ்."
பாடத்திட்டத்தில் இல்லாத விடை.
முழு மதிப்பெண் போட்டேன்.

அடுத்தது லைட்டோட்டிஸ்.
இல்லை என்று சொல்லி உண்டு என்பது.
வெள்ளைக்காரர் 'நாட் பேட்' என்பார்.
மாவுக்குப் பதினைந்து மூட்டை கண்டவரை
இங்கே நிறுத்திக் கேளுங்கள்,
"ஏதோ, பரவால்ல" என்பார்
கண் பட்டுவிடக் கூடாதே என்று.

என் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர்.
நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை.
இது ஐரனியா, இடக்கரடக்கலா என்று
இரண்டு மதிப்பெண்ணில் கேட்கலாம்.
துறைத்தலைவர் அடித்துவிடுவார்.

மதியம் நடைகள்.
ஒரே மழை, யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து.
பலகையில் எழுதிக்கொண்டே போனேன்:
வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி காரணமாக
ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.
கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் நாசம்;
விவசாயிகள் வேதனை.
மேற்படி நெல் நிர்ணயித்த அளவுக்கு மேல்
ஈரப்பதம் கொண்டதாகக் காணப்படுவதால்
கொள்முதல் செய்ய இயலாத நிலை உள்ளது.

"மிஸ், கடைசி வரியில யார் பாத்தாங்க?
யாருக்கு இயலல?"
ஆளே இல்லை. அதுதான் அந்த நடை என்றேன்.
அதற்குள் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்துவிட்டது.

நாலரை பஸ்ஸில் கச்சனம்.
தார்ப்பாய்க்கு அடியில் பதினோரு நாளாகக் குவியல்,
ஓரத்தில் பச்சையாய் முளை.
குவியல் மேலேயே உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி.
"நாளைக்கு டெல்லியிலேர்ந்து குழு வருதாம்.
தமிழ் தெரியாதாம். நீதான் இங்கிலீசு.
எழுது."

எழுதினேன்.
மரியாதையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்,
பதினேழு சதவீத வரம்பை
இருபத்திரண்டாகத் தளர்த்தி.
"அதெல்லாம் சரி.
மெஷினை நெல்லுல வச்சா இருபத்தொண்ணு புள்ளி நாலாம்.
அதையே எடுத்து அவன் நெஞ்சுல வச்சா
எவ்வளவு ஈரம் காட்டும்னு கேளு.
அதை எழுது."

பேனா நின்றது.
மாய்ஸ்சர் என்றால் நெல்லோடு நின்றுவிடும்,
நெஞ்சுக்கு ஏறாது.
மெர்சி என்றால் நெஞ்சில் இருக்கும்,
நெல் காய்ந்துவிடும்.
இரண்டையும் ஒரே சொல்லில் நனைக்க
அந்த மொழிக்கு ஒரு மழை போதவில்லை.
எனக்குத் தெரிந்த அந்த மொழிக்கு.

மனுவின் கடைசி வரியைப் பார்த்தேன்.
'கைண்ட்லி கன்சிடர்.'
கோடிக் கடிதங்களில் தேய்ந்த சொல்,
எழுதுகிறவரும் நினைப்பதில்லை,
வாசிக்கிறவரும் நிற்பதில்லை.
அதற்குள் கருணை என்று ஒன்று
எப்போதோ இருந்திருக்கிறது.

"எழுதிட்டியா?"
"எழுதிட்டேன்."
"எங்க?"
விரல் வைத்துக் காட்டினேன்.
உமி ஒட்டிய ஈரக் கட்டைவிரலால்
அவளும் அதைத் தொட்டாள்.
மை கொஞ்சம் பரவியது.

"இவ்ளோ சின்னதாவா எழுதுன?"